பல பெயர்களில் ஒரு நோய்

தந்தையின் நடையும் தாயின் குரலும் பிள்ளையிடத்தே தோன்றக் கண்டு மகிழ்வது மக்கள் இயல்பு. "தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்ற பழமொழி இதனையே சொல்கின்றது. கண்ணின் நிறமும் மயிரின் சுருளும் விரலின் நீளமும் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகின்றன. ஆயின், இவற்றோடு கூடவே, எவரும் வேண்டாத முதுசம் ஒன்றும் சில குடும்பங்களில் இறங்கி வருவதுண்டு. காணி முதுசமாக வந்தால் அதற்கு உறுதி உண்டு, எல்லை உண்டு, சாட்சி உண்டு. நோய் முதுசமாக வரும்போது அதற்கு உறுதி எழுதி வைப்பார் எவருமில்லை. அதனாலேயே, அது வந்த வழி தெரியாமல், ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் புதிய துன்பமாகவே எதிர்கொள்ள நேரிடுகின்றது.

இத்தகைய குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பாட்டனார் நாற்பத்தைந்து வயதிற் சிறுநீரகப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய மகள் ஓயாத தலையிடியாலும் நடையில் ஏற்பட்ட தள்ளாட்டத்தாலும் வருந்தி, முப்பத்திரண்டு வயதில் மறைந்தாள். மகனுக்கு இருபத்தைந்து வயதில் ஒரு கண்ணின் பார்வை மங்கிப் போயிற்று. பேரனுக்கோ காரணமின்றித் திடீரென நெஞ்சு படபடக்கின்றது, உடல் வியர்க்கின்றது, குருதியமுக்கம் ஏறுகின்றது. சிறுநீரகத்தை ஒரு வைத்தியர் பார்த்தார். மூளையை இன்னொருவர் பார்த்தார். கண்ணை வேறொருவர் பார்த்தார். ஒவ்வொருவரும் தாம் கண்ட நோய்க்கு ஒரு பெயர் எழுதினர். அப்பெயர்களுள் ஒன்றும் பிழையன்று. ஆயினும், நான்கு துன்பங்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை ஒருவரும் எழுதவில்லை. உறவினரோ, குடும்பத்துக்கு ஏதோ சாபம் என்று சொல்லி அமைந்தனர்.

இந்த ஒரே வேருக்கு வைத்திய நூலார் இட்ட பெயர் வொன் ஹிப்பெல் – லிண்டாவு நோய் என்பதாகும். உடலின் பல உறுப்புகளில் நீர்க்கட்டிகளையும் கழலைகளையும் தோற்றுவிக்கும் பரம்பரை நோய் இது. ஏறத்தாழ 36,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவிலேயே காணப்படுவதால், இதனை அரிய நோய்களுள் ஒன்றாகக் கணிப்பர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் வருவது. எந்த இனத்தவரிடத்தும் தோன்றக்கூடியது.

இந்நோய் அறியப்பட்ட வரலாறே ஒரு பாடமாக அமைகின்றது. 1894ஆம் ஆண்டில், இங்கிலாந்தைச் சேர்ந்த கண் வைத்தியர் எட்வேர்ட் ட்ரீச்சர் கொலின்ஸ், உடன்பிறந்தார் இருவரின் கண்களிலும் குருதிக் கலன்கள் திரண்ட விசித்திரமான வளர்ச்சிகளைக் கண்டு எழுதினார். பின்னர், ஜேர்மன் நாட்டுக் கண் வைத்தியர் ஓய்கன் வொன் ஹிப்பெல், விழித்திரையில் தோன்றும் இக்கழலைகளைப் பற்றி 1904ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். விழித்திரைக்கு மிக அரிதாக வரும் ஒரு நோய் என்றே அவர் அதனைக் கருதினார். கண்ணைப் பார்த்தவர் கண்ணோடு நின்றார். அது அவர் குற்றமன்று.

சுவீடன் நாட்டு நோயியல் அறிஞர் ஆர்விட் லிண்டாவு என்பவர் ஆராய்ந்ததோ சிறுமூளையை. தலையின் பிற்பகுதியில் அமைந்து, நடையையும் உடலின் சமநிலையையும் ஒழுங்குபடுத்தும் பகுதி சிறுமூளை. அங்கே தோன்றும் நீர்க்கட்டிகளை அவர் ஒவ்வொன்றாக நுணுகிப் பார்த்தபோது, பலவற்றின் சுவரில் குருதிக் கலன்கள் நிறைந்த சிறு முடிச்சு ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். அம்முடிச்சே மூலம், நீர்க்கட்டி அதன் விளைவு. நீரை மாத்திரம் வடித்துவிட்டு முடிச்சை விட்டுவைத்தால், கட்டி மீண்டும் நிறையும். அதனினும் பெரிய உண்மை ஒன்றையும் லிண்டாவு கண்டார். சிறுமூளையில் இக்கழலை உடையோர் சிலரின் விழித்திரையிலும் அதே வகைக் கழலை இருந்தது. அவர்களுடைய சிறுநீரகத்திலும் சதையியிலும் நீர்க்கட்டிகள் இருந்தன. 1926ஆம் ஆண்டில் அவர் இவற்றை ஒன்றாகத் தொடுத்து வெளியிட்டார். கண் வைத்தியர் ஒருவர் கண்டதும் மூளையில் தாம் கண்டதும் வெவ்வேறு நோய்களல்ல என்று காட்டியதே அவர் செய்த அருஞ்செயல். ஈராண்டுகளின் பின், அமெரிக்க மூளைச் சத்திர சிகிச்சையில் முதல்வராய் விளங்கிய ஹாவி குஷிங், பெய்லி என்பாருடன் சேர்ந்து எழுதிய நூலில் லிண்டாவின் பெயரை இந்நோயோடு இணைத்தார். 1964ஆம் ஆண்டில் மெல்மன், ரோசன் என்னும் இருவர் இந்நோயின் இலக்கணத்தைத் தெளிவாக வகுத்தபின், இருவர் பெயரும் சேர்ந்த இன்றைய பெயர் நிலைபெற்றது.

நோயின் தன்மையை அறிவதற்கு, நீர்க்கட்டி, கழலை என்ற இரண்டையும் முதலில் வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். நீர்க்கட்டி என்பது நீர் நிறைந்த ஒரு பை. சதையியிலும் சிறுநீரகத்திலும் தோன்றும் நீர்க்கட்டிகள் பலருக்கு எவ்வித தொல்லையும் தருவதில்லை. கழலை என்பது கலங்கள் அளவிறந்து பெருகித் திரண்ட பிண்டம். கழலைகள் அனைத்தும் புற்றுநோயல்ல. விழித்திரையிலும் சிறுமூளையிலும் முண்ணாணிலும் இந்நோயால் தோன்றும் கழலைகள் புற்றுநோயல்லாதவை. அவை பிற உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. ஆயினும், அவை இருக்கும் இடமே ஆபத்தாகின்றது. மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. அதனுள் ஒரு சிறு கட்டி வளர்ந்தாலும் மூளை நெருக்குண்டு, தலையிடியும் வாந்தியும் தள்ளாட்டமும் உண்டாகின்றன. விழித்திரையிற் கழலை கசிந்தால் பார்வை கெடுகின்றது. முண்ணாணில் வளர்ந்தால் கைகால்கள் மரத்துப் போகின்றன. உட்செவியில் தோன்றும் ஒருவகைக் கழலை, காதில் இரைச்சலையும் தலைச்சுற்றையும் தந்து, கேள்வியையே பறித்துவிடவுங்கூடும்.

சிறுநீரகத்தின் நிலை வேறு. அங்கே தோன்றும் திண்மையான கழலைகள் புற்றுநோயாகவே இருப்பதுண்டு. இந்நோயுடையோருள் நூற்றுக்கு எழுபது பேர் வரை தம் வாழ்நாளிற் சிறுநீரகப் புற்றுநோயைச் சந்திக்கக்கூடும் எனக் கணித்துள்ளனர். சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பிபோல் அமைந்துள்ள அதிரீனற் சுரப்பியிலும் ஒருவகைக் கழலை தோன்றும். அச்சம் வந்தபோது உடலை முடுக்குகின்ற சுரப்பை அது வேளையின்றிக் குருதியிற் கொட்டுவதால், அஞ்சுவதற்கு ஒன்றுமில்லாதபோதும் நெஞ்சு படபடக்கும், முகம் வெளிறும், குருதியமுக்கம் உச்சத்துக்கு ஏறும். இதனை மனப் பதற்றமென்று எண்ணி விட்டுவிடுவோர் பலர். இக்கழலை இருப்பதை அறியாமல் சத்திர சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுத்தாலோ, பெண்ணொருத்தி பிரசவ வேதனை கண்டாலோ, உயிருக்கே மோசம் நேரலாம். குருதியையோ சிறுநீரையோ சோதிப்பதால் இதனை முன்கூட்டியே அறிந்து, மருந்தால் அடக்கி, ஆபத்தை விலக்க முடியும். குடும்ப வரலாற்றை வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்வது எவ்வளவு பெரிய காப்பு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இனி, இந்நோய் இறங்கி வரும் வழியை நோக்கலாம். மனித உடல் எண்ணற்ற கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தினுள்ளும் நிறமூர்த்தங்கள் என்னும் நுண்ணிய இழைகள் சோடி சோடியாக உள்ளன. சோடியில் ஒன்று தந்தை தந்தது. மற்றது தாய் தந்தது. உடலின் அமைப்பையும் தொழிலையும் நிருணயிக்கும் பரம்பரையலகுகள் இவ்விழைகளிலேயே வரிசையாக அமைந்துள்ளன. வொன் ஹிப்பெல் – லிண்டாவு நோய்க்குக் காரணமான பரம்பரையலகு மூன்றாம் நிறமூர்த்தத்தில் இருப்பதாக 1988ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அமெரிக்க, பிரித்தானிய ஆராய்ச்சியாளர் கூடி முயன்று, 1993ஆம் ஆண்டில் அதனைத் தனியே பிரித்து இனங்கண்டனர். அதற்குத் தங்கள் குருதியையும் குலமுறைக் குறிப்புகளையும் மனமுவந்து கொடுத்தவர்கள் நோயுற்ற குடும்பத்தினரே.

பெற்றோருள் ஒருவரிடம் இப்பரம்பரையலகு பழுதுற்றிருக்குமாயின், அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கிடைக்கும் வாய்ப்பு சரி பாதி. நான்கு பிள்ளைகள் இருந்தால் இருவருக்கு வரும், இருவருக்கு வராது என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. காசைச் சுண்டிவிடும்போது, முன்பு தலை விழுந்தது என்பதற்காகப் பின்பு பூ விழ வேண்டும் என்ற நியதி இல்லை. அவ்வாறே ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பும் புதிதாகச் சுண்டப்பட்ட காசாகும். பழுதைப் பெறாத பிள்ளை நோயிலிருந்து முற்றாக விடுபட்டது. அதன் சந்ததிக்கும் அவ்வழியால் நோய் செல்லாது. இன்னுமொன்று: நோயாளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பெற்றோர் இருவரிடமும் இப்பழுது இருந்ததில்லை. அது அவரிடத்தே புதிதாகத் தோன்றியது. ஆகவே, பெற்றோர் செய்த பாவம் என்றோ, தாய்வழிக் குற்றம், தந்தைவழிக் குற்றம் என்றோ பேசுவதற்கு இங்கே இடமேயில்லை.

முதுசம் கடல் கடந்தும் செல்லும். ஜேர்மனியின் கருங்காட்டுப் பிரதேசத்தில் வாழ்ந்த சில குடும்பங்களிலும், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துச் சில குடும்பங்களிலும் இந்நோய் ஒரே சாயலில் வந்தது. அதிரீனற் கழலையும் கண் நோயும் மிகுந்தும், சிறுநீரகப் புற்றுநோய் அருகியும் காணப்பட்டன. ஆராய்ந்தபோது, இருசாராரிடமும் இருந்தது எழுத்துக்கு எழுத்து ஒரே பழுது என்று தெரியவந்தது. பழைய காலத்தில் ஜேர்மனியிலிருந்து குடிபெயர்ந்தோர் தம் மொழியோடும் வழக்கத்தோடும் இதனையும் கொண்டு சென்றிருந்தனர். கொண்டு செல்வதை அவர்கள் அறியவில்லை.

பழுதுற்ற பரம்பரையலகு உடலின் ஒவ்வொரு கலத்திலும் இருக்க, சில இடங்களில் மாத்திரம் கழலை தோன்றுவது ஏன்? அமெரிக்க அறிஞர் அல்பிரட் நுட்சன், குழந்தைகளின் கண்ணில் வரும் ஒரு புற்றுநோயை ஆராய்ந்து 1971ஆம் ஆண்டில் கூறிய விளக்கம் இங்கும் பொருந்துகின்றது. சோடியில் ஒன்று பழுதானாலும் மற்றது நல்லதாயிருக்கும் வரை கலம் ஒழுங்காகவே நடக்கும். எங்கேனும் ஒரு கலத்தில் அந்த நல்லதும் கெட்டுப்போனால், அங்கே கழலை தொடங்குகின்றது. இரண்டு விளக்குகள் எரியும் வீட்டில் ஒன்று அணைந்தால் வெளிச்சம் எஞ்சும். மற்றதும் அணைந்தாலே இருள் சூழும். பிறவியிலேயே ஒரு விளக்கு அணைந்த நிலையில் இருப்பவருக்கு, கோடிக்கணக்கான கலங்களுள் சிலவற்றிலாவது மற்றதும் அணைவது பெரும்பாலும் தவிர்க்க முடியாதது. அதனாலேயே அவருக்கு இளவயதிலும், பல இடங்களிலும், இடம் வலம் இருபுறத்தும் கழலைகள் தோன்றுகின்றன.

அந்த விளக்கு செய்யும் தொழில்தான் என்ன? இதனை ஆராயப் புகுந்தோர், விலங்கினங்களுக்குப் பொதுவான ஒரு பேருண்மையைக் கண்டனர். உடற் கலங்களுக்கு ஒட்சிசன் குறையும்போது, ஹிப் எனச் சுருக்கமாக வழங்கும் ஒரு புரதம் அங்கே பெருகுகின்றது. வயல் வரண்டபோது மதகைத் திறக்கும்படி ஓடிச்சென்று சொல்லும் ஏவலாளனை அது ஒக்கும். புதிய குருதிக் கலன்கள் கிளைக்கவும் செங்குருதிக் கலங்கள் பெருகவும் அது ஏவுகின்றது. ஒட்சிசன் போதியளவு கிடைத்ததும், அந்த ஒட்சிசனைக் கொண்டே ஹிப் புரதத்தின் மேல் ஓர் அடையாளம் பொறிக்கப்படும். அடையாளத்தைக் கண்டு, ஏவலாளனை அகற்றும் காவற்காரனே நம் பரம்பரையலகு ஆக்கும் புரதம். காவற்காரன் இல்லாத கலத்தில் நடப்பதை ஊகிப்பது எளிது. வயல் நீரில் மூழ்கிக் கிடக்கும்போதும், நீர் வேண்டும் நீர் வேண்டும் என்று ஏவலாளன் கூவிக்கொண்டேயிருப்பான். மூச்சு முட்டாத கலம் தனக்கு மூச்சு முட்டுவதாக எண்ணுகின்றது. இந்நோயின் கழலைகள் குருதிக் கலன்கள் மண்டிச் சிவந்திருப்பதற்கும், நோயாளர் சிலரின் குருதியிற் செங்கலங்கள் மிகுந்திருப்பதற்கும் காரணம் இதுவே.

புற்றுநோய் வைத்தியரான வில்லியம் கேலின் இந்நோயை ஆராய்ந்த வழியாலும், பீற்றர் ரட்கிளிப், கிரெக் செமன்ஸா ஆகிய இருவரும் ஒட்சிசன் உணர்வை ஆராய்ந்த வழியாலும் இவ்வுண்மை வெளிப்பட்டது. 2019ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இம்மூவருக்கும் அளிக்கப்பட்டது. பரம்பரைத் தொடர்பு எதுவுமின்றிப் பொதுவாக மக்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயிலும், பெரும்பான்மையானவற்றில் இதே பரம்பரையலகு கெட்டிருப்பது தெரியவந்தது. விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களின் துன்பம், பல்லாயிரவரின் நோயை விளக்கும் ஒளியாயிற்று.

நோயைக் கண்டறிந்தபின் செய்ய வேண்டியது யாது? முதலாவது, விழிப்போடு காவல் இருத்தல். பழுதைப் பெற்ற பிள்ளையின் கண்களை முதல் வயதிலிருந்தே ஒழுங்காகச் சோதிக்க வேண்டும். சிறு பராயத்திலிருந்து குருதியமுக்கத்தையும், ஐந்து வயதளவிலிருந்து அதிரீனற் சுரப்பையும் பார்க்க வேண்டும். பதினொரு வயதளவிலிருந்து மூளையையும் முண்ணாணையும், பதினைந்து வயதளவிலிருந்து வயிற்று உறுப்புகளையும் இரண்டாண்டுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. முறையாற் படம் பிடித்துப் பார்க்க வேண்டும். காதின் கேள்வியையும் அளந்து வர வேண்டும். அண்மைக் கால வழிகாட்டல்கள் கூறும் ஒழுங்கு இதுவே.

இக்காவலாற் பெறும் பயன் பெரிது. விழித்திரைக் கழலை சிறிதாயிருக்கும்போதே லேசர் ஒளியாற் சுட்டு அழித்தால் பார்வை காக்கப்படும். சிறுநீரகக் கழலையைக் கண்டவுடன் சிறுநீரகம் முழுவதையும் அகற்றுவது முற்கால வழக்கம். இந்நோயில் கழலைகள் மீண்டும் மீண்டும் தோன்றுவதால், அவ்வாறு அகற்றிக்கொண்டே போனால் இறுதியிற் சிறுநீரகமே எஞ்சாது. எனவே, பெருங்கழலை மூன்று சென்ரிமீற்றர் அளவை எட்டும் வரை பார்த்திருந்து, எட்டியதும் கழலையை மாத்திரம் அகற்றிச் சிறுநீரகத்தைக் காப்பது என்ற முறை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களின் அனுபவத்தால் வகுக்கப்பட்டது. பொறுத்திருப்பதும் வைத்தியமே, ஆனால் அது கண் மூடிய பொறுமையன்று, அளந்து பார்க்கும் பொறுமை.

மருந்தும் வந்துள்ளது. ஏவலாளனைத் தடுக்க வல்ல பெல்சுற்றிபான் என்னும் மாத்திரையை, இந்நோயால் வரும் சிறுநீரக, சதையி, மூளைக் கழலைகள் சிலவற்றுக்காக, ஐக்கிய அமெரிக்கா 2021ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அங்கீகரித்தது. 61 நோயாளரிடம் நடத்திய சோதனையில், ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சிறுநீரகக் கழலைகள் குறிப்பிடத்தக்க அளவு சுருங்கின. குருதிச் சோகை அதன் பக்க விளைவு. செங்கலங்களைப் பெருக்குமாறு ஏவுபவனையே தடுக்கும் மருந்தாதலால் இதில் வியப்பில்லை. கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு செய்யுமாதலின், கருவுற்ற பெண்கள் இதனை உட்கொள்ளலாகாது. நோயின் வேரை இம்மருந்து களைவதில்லை. ஆயினும், பல சத்திர சிகிச்சைகளைத் தள்ளிப்போட வழி செய்கின்றது.

1993ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பால் வந்த இன்னொரு நன்மையும் உண்டு. குடும்பத்தில் ஒருவரிடம் பழுது இன்னதென்று கண்டறிந்தால், ஏனையோரிடம் அது உண்டா இல்லையா என்பதைக் குருதிச் சோதனையால் உறுதியாகச் சொல்லிவிடலாம். இல்லையென்று தெரிந்தவர், வாழ்நாள் முழுதும் அஞ்ச வேண்டியதில்லை. உண்டென்று தெரிந்தவர், நோய் வருமுன்னரே காவலைத் தொடங்கலாம்.

இத்தனை அறிவும் பயன்படுவது ஒன்றைப் பொறுத்தே உள்ளது. குடும்பத்தார் பேச வேண்டும். நம்மவரிடையே நோயை மறைப்பது வழக்கம். கலியாணம் தடைப்படும், ஊர் ஒருவிதமாகப் பேசும் என்ற அச்சத்தால், மாமி எந்த நோயால் இறந்தாள் என்பதை மருமக்கள் அறியாமலே வளர்கின்றனர். இவ்வச்சம் பொருளற்றதன்று, ஊர்வாய் கொடியது. ஆயினும், மறைப்பதனால் நோய் நின்றுவிடுவதில்லை. எச்சரிக்கை மாத்திரமே நின்றுவிடுகின்றது. மறைத்தவர் காத்தது குடும்பத்தின் பெயரை. இழந்தது பிள்ளையின் கண்ணை என்று ஆகலாம்.

ஒரே குடும்பத்தில் இளவயதிற் கட்டிகளோ, பார்வையிழப்போ, காரணம் தெரியாத குருதியமுக்கமோ ஒன்றுக்கு மேற்பட்டோர்க்கு வந்திருந்தால், அது இந்நோயாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தல் கூடாது. பெரும்பாலும் வேறு காரணமே இருக்கும். ஆனால், அவற்றை ஒருங்கே வைத்தியரிடம் சொல்லுதல் கடமையாகும். பெரியோர் உயிரோடிருக்கும்போதே, யார் எந்த வயதில் எந்த நோயால் வருந்தினர் என்பதைக் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் எளிய காரியம். லிண்டாவு 1926ஆம் ஆண்டில் சிதறிக் கிடந்தவற்றை ஒன்றாகச் சேர்த்தபோது செய்ததும் இதனையொத்ததே. காணிக்கு உறுதி எழுதி, பெட்டியில் வைத்துப் பூட்டிப் பேணும் குடும்பங்கள், இந்த இன்னோர் உறுதியையும் எழுதி வைத்தால், பின்வரும் சந்ததியார் தாம் பெற்ற முதுசம் இன்னதென்று அறிவர். அறிந்த முதுசத்தைக் காவல் செய்தல் இயலும்.